பில்சூனுக்கு ஒரு கருக்கனவு

கொரியக் கடலோர ஊரான குன்சானில் ஒருவரிடம் பேர் கேட்டு, ஊர் கேட்டு, சாப்பிட்டாச்சா என்றும் கேட்ட பிறகு பேச்சு எப்படியும் கருக்கனவுக்கு வந்து நின்றுவிடும். நாம் வயிற்றில் தங்கிய சமயத்தில் அம்மாவோ அத்தையோ பக்கத்து வீட்டுக்காரியோ கண்ட கனவு அது. பன்றி வந்தால் காசு, பூ வந்தால் பெண், புலி வந்தால் அந்த வீட்டில் இனி யாருக்கும் நிம்மதி இல்லை. கனவில் வெறும் பூசணிக்காய் வந்தவன்கூட அந்தப் பூசணிக்காயைச் சாகும்வரை விடமாட்டான். தொடுகறிக் கடை வைத்திருக்கும் தாக் பில்சூனிடம் மட்டும் இந்தப் பேச்சை எடுத்தால், "கிம்ச்சி எவ்வளவு கட்டட்டும்?" என்று கேட்டு முதுகைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குக் கருக்கனவு கிடையாது.

அவளுடைய அண்ணன் சாங்யோங்குக்கு இருந்தது. சாதாரணக் கனவா அது? மஞ்சள் டிராகன் ஒன்று மேகத்தைக் கிழித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக் கொல்லைக்கு இறங்கி, வரிசையாக நின்ற சோயாச்சாறு ஜாடிகளில் பெரிய ஜாடியின் மூடியை மீசையால் தூக்கி, உள்ளே இருந்ததை ஒரே மூச்சில் குடித்து, ஏப்பம் விட்டு, அம்மாவின் பாவாடைக்குள் புகுந்துகொண்டது. மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பிள்ளை பிறந்ததும் பெயரிலேயே டிராகனைச் சேர்த்துவிட்டார்கள்; யோங் என்றால் டிராகன். அவன் அழுதால் டிராகன் உறுமியது. அவன் படுக்கையை நனைத்தால் டிராகன் மழை பெய்வித்தது. அவன் வக்கீல் பரீட்சை எழுத சியோலுக்குப் போனபோது பில்சூன் பள்ளிக்கூடத்தை விட்டு மீன்பதப்படுத்தும் தொழிற்சாலைக்குப் போனாள். டிராகன் மேலே ஏறுவதற்குக் கீழே யாராவது ஏணியைப் பிடிக்க வேண்டுமே.

சாங்யோங் பரீட்சையில் தேறவில்லை. அடுத்த தடவையும் தேறவில்லை. அம்மா அசரவில்லை; கனவைக் கொஞ்சம் திருத்தினாள். டிராகன் பாவாடைக்குள் புகுந்தது உண்மைதான், ஆனால் வால் மட்டும் வெளியே நின்றுவிட்டதாம். அதனால்தான் தாமதமாம். பிறகு அவன் கோழிப்பொரியல் கடை வைத்து மூடியபோது, டிராகன் குடித்த சோயா இன்னும் சரியாகப் புளிக்கவில்லை என்று தெரியவந்தது. இப்போது ஐம்பத்தாறு வயதில் அவன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிறான். "தண்ணியோட சம்பந்தம் வந்துடுச்சு பாரு, டிராகனுக்குத் தண்ணிதான எல்லாமே," என்கிறாள் அம்மா.

பில்சூன் எட்டு வயதில் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒவ்வொருவரையும் எழுப்பி அவரவர் கருக்கனவைச் சொல்லச் சொன்னார். கடைசி பெஞ்சில் மூக்கொழுகிக்கொண்டிருந்தவனுக்குக்கூட ஜின்செங் கிழங்கு வந்திருந்தது. பில்சூன் எழுந்து நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள், பிறகு உட்கார்ந்தாள். வீட்டுக்கு ஓடிவந்து கேட்டபோது அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "தூங்கினாத்தானடி கனவு வர்றதுக்கு?" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பில்சூன் நாற்பத்தாறு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறாள். டிராகனுக்கு வேலை மெனக்கெட்டுத் தூங்கியவளுக்கு மகளுக்காக ஒரு கோழித்தூக்கம் போட முடியவில்லை. ஒரு முள்ளங்கி போதும். ஒரு கத்தரிக்காய் போதும். அவள் ஒன்றும் புலி கேட்கவில்லை.

இப்போது அம்மாவுக்கு எண்பது நிறைகிறது. பில்சூனின் தொடுகறிக் கடை சந்தையில் நன்றாக ஓடுகிறது. சோயாவில் ஊறிய அவளுடைய நண்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். எண்பதாம் விழாவுக்கு மண்டபம் பிடித்தது அவள், விருந்துக்குச் சொன்னது அவள், அம்மாவுக்கு இளஞ்சிவப்புப் பட்டில் ஹான்போக் உடை தைத்தது அவள். அழைப்பிதழில் முதலில் இருப்பது அண்ணன் பெயர். அது முறை, அதைப் பற்றி அவளுக்குப் புகார் இல்லை. அவளுக்கு இந்த விழாவில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதற்காக விழாவை நடத்த வந்த பியோன் என்ற ஆளை மாடிப்படிக்குக் கீழே மடக்கினாள்.

பியோன் பளபளவென்று மின்னும் கோட்டு போட்டிருந்தான். காலையில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளை நடத்திவிட்டு அதே கோட்டோடு வந்திருந்தான். பில்சூன் அவன் கையில் ஒரு ஜாடி நண்டைத் திணித்தாள்.

"எங்கம்மாகிட்ட மைக்குல ஒரு கேள்வி கேக்கணும். மகளோட கருக்கனவு என்னன்னு."

"அவ்வளவுதானா அக்கா? இதுக்குப் போய் நண்டா? சரி, என்ன பதில் வரும்னு சொல்லிடுங்க, அதுக்கேத்த மாதிரி ஒரு ஜோக் வெச்சுக்கறேன்."

"பதில் எனக்குத் தெரியாது."

பியோன் அவளைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான், ஜோக்கைக் கைவிட்டான்.

மண்டபம் ஒரு கட்டில் பீரோ கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மேடையில் அம்மாவுக்கு முன்னால் ஆப்பிளும் பேரீச்சையும் அதிரசம் மாதிரியான பலகாரமும் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருந்தன. எல்லாம் பிளாஸ்டிக், வாடகைக்கு எடுத்தது. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சாங்யோங் ஓர் ஆப்பிளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் புகை பிடிக்க வெளியே போனான். பில்சூன் பின்னாலேயே போனாள்.

"அண்ணே, இன்னிக்கு அம்மாவை நீதான் முதுகுல தூக்கிட்டுச் சுத்தணும். ஞாபகம் இருக்கா?"

"முதுகா? அந்த மெஷினைத் தூக்கித் தூக்கி என் முதுகெலும்புல ரெண்டு எப்பவோ ராஜினாமா பண்ணிடுச்சு."

"மூத்த மகன் தூக்கலைன்னா ஊர் என்ன சொல்லும்?"

"டிராகனுக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லும்." அவன் புகையை விட்டான். "நீ என்னமோ அந்தப் பியோன்கிட்ட ரகசியம் பேசினியாமே. கனவு கேக்கப் போறியா?"

பில்சூன் கீழே கிடந்த சிகரெட் துண்டைக் காலால் ஓரம் தள்ளினாள்.

"பைத்தியமா நீ? தப்பிச்சவ சும்மா இருக்க மாட்டியா? அம்மா மட்டும் அன்னிக்கு ஒரு முள்ளங்கியைக் கண்டிருந்தா நான் இந்நேரம் நிம்மதியா டவுன் பஸ் ஓட்டிக்கிட்டிருப்பேன். ஒவ்வொரு தடவை ஃபெயிலாகும்போதும் நான் மட்டுமா ஃபெயிலானேன்? என்கூட அந்தச் சனியன் புடிச்ச டிராகனும்ல ஃபெயிலாச்சு."

"உனக்கு இருக்கு, அதனால பேசற."

"வேணும்னா எடுத்துக்கோ. கூட வாலும் தர்றேன்."

சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை. ஐம்பத்துநாலு வருஷத்தில் முதல்முறையாகப் பில்சூனுக்கு அண்ணனைப் பார்த்துப் பாவமாக இருந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை. பசித்தவளிடம் அஜீரணத்தைப் பற்றிச் சொன்னால் என்ன புரியும்? அம்மா இன்னும் எத்தனை நாள் இருப்பாள்? அவள் போனால் கேட்பதற்கு ஆள் இல்லை. நாலு பேர் முன்னால், மைக்கில், இல்லை என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வராது என்பதுதான் பில்சூனின் கணக்கு. வந்துவிட்டால்? சந்தையே அங்கே உட்கார்ந்திருந்தது. கருவாட்டுக் கடை யாங்ரே, டோஃபு கடைக்காரி, கடற்பாசிக்காரி, எல்லோரும் முடி சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வந்துவிட்டால் அவள் கடையை வேறு ஊருக்குத்தான் மாற்ற வேண்டும்.

விழா தொடங்கியது. விழுந்து கும்பிட்டார்கள், மது ஊற்றிக் கொடுத்தார்கள். பியோன் முதலில் மகனின் கனவைக் கேட்டான். மைக்கைப் பிடித்ததும் அம்மாவுக்குப் பத்து வயது குறைந்தது. மேகம் கிழிந்தது, மூடி பறந்தது, ஏப்பத்தில் ஜன்னல் அதிர்ந்தது. இந்தத் தடவை டிராகனுக்குப் புதிதாக ஒரு முத்தும் வாயில் இருந்தது. மண்டபம் கைதட்டியது. சாங்யோங் எழுந்து நின்று தலை குனிந்தான், தண்டனை வாசிக்கக் கேட்டவன் மாதிரி.

"இப்ப அந்த டிராகன் அம்மாவைத் தூக்கிக்கிட்டு வானத்துல பறக்கப் போகுது!" என்று பியோன் கூவினான். பாட்டு கிளம்பியது.

சாங்யோங் அம்மாவுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அம்மா அவன் தோளைப் பிடித்தாள். அவன் ஒருமுறை முக்கினான். இரண்டாவது முறை முக்கியபோது முகம் வெளுத்தது. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. "வால் மாட்டிக்கிச்சு போல," என்று யாரோ சொல்ல, மண்டபம் சிரித்தது. யாங்ரேயின் கணவர் வந்து அவனைப் பக்கவாட்டில் சாய்த்து நாற்காலிக்குக் கொண்டுபோனார்.

பில்சூன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்தாள்.

அம்மாவுக்குக் கனமே இல்லை. ஊறவைத்த முட்டைக்கோஸ் கூடையைத் தினமும் தூக்குகிறவளுக்கு இது ஒன்றுமே இல்லை. பட்டுப்பாவாடை இருபக்கமும் சரசரக்க அவள் முதல் சுற்றைத் தொடங்கினாள். எல்லோரும் தாளம் போட்டார்கள். அப்போது பார்த்துப் பியோனுக்கு நண்டு ஞாபகம் வந்துவிட்டது. ஓடிவந்து பில்சூனின் தோளுக்கு மேல் மைக்கை நீட்டினான்.

"டிராகன் மகனோட கதை கேட்டோம். தூக்கிட்டுப் போற இந்த மகளுக்கு என்ன கனவும்மா?"

பாட்டை நிறுத்திவிட்டார்கள். பில்சூன் நடுமண்டபத்தில் நின்றாள். அம்மாவின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. மூச்சு மட்டும் காதில் பட்டது. அது ஒருமுறை உள்ளே போனது, வெளியே வரவே மாட்டேன் என்றது. இதைக் கேட்டிருக்கக் கூடாது, எழுந்து நின்று, நின்றுகொண்டே இருந்து, உட்கார்ந்த அந்த எட்டு வயசு அவமானமே போதுமாக இருந்தது என்று பில்சூன் நினைத்தாள்.

"இவளுக்கா?" என்றாள் அம்மா. "இவளுக்கு நட்சத்திரம்."

மண்டபத்தில் ஓர் 'ஆ' எழுந்தது.

"வடக்கு வானத்துல ஏழு நட்சத்திரம் இருக்குல்ல, அதுல ஒண்ணு ஆடிக்கிட்டே இருந்துச்சு. பார்த்துக்கிட்டே இருக்கேன், பொத்துனு விழுந்துடுச்சு. தண்ணிக்குள்ள. தண்ணி பூரா வெளிச்சம். நான் சுரைக்குடுவையை எடுத்து மொண்டேன். எல்லாரும் குடிக்காத, நெஞ்சு வெந்துடும்னாங்க. நான் குடிச்சேன். முதல்ல நெருப்பு. அப்புறம் பழுத்த பெர்சிமன் பழம் மாதிரி அப்படி ஒரு இனிப்பு."

நெருப்பு வரைக்கும் பில்சூனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெர்சிமன் வந்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. இது டிவி காலைத் தொடரில் வந்த கனவு. போன வாரம்தான் வந்தது. பெரிய கம்பெனி முதலாளியின் மனைவி, காணாமல்போன மகளை இந்தக் கனவைச் சொல்லித்தான் கண்டுபிடிப்பாள். கடையில் சின்ன டிவிக்கு முன்னால் அவளும் அம்மாவும் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே பார்த்தார்கள். அம்மா மூக்கைச் சிந்தினாள். சந்தை முழுக்க அந்த நேரத்தில் வியாபாரத்தை நிறுத்திவிட்டு அதைத்தான் பார்த்தது.

பில்சூன் சந்தைக்காரிகளின் மேசையைப் பார்த்தாள். கடற்பாசிக்காரியின் சாப்ஸ்டிக் வாய்க்குப் பாதி வழியில் நின்றிருந்தது. டோஃபு கடைக்காரி பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். அத்தனை பேருக்கும் தெரியும். இப்போது ஒருத்தி சிரித்தால் போதும், எல்லாம் முடிந்தது.

யாங்ரே எழுந்தாள். வாய்க்குள் இருந்ததை விழுங்கினாள்.

"அதான பார்த்தேன்!" என்று மேசையைத் தட்டினாள். "அந்த நண்டுக்கு அப்படி ஒரு ருசி எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத்தான தெரியுது!"

சந்தை மேசை முழுவதும் எழுந்து கைதட்டியது. மற்றவர்களும் தட்டினார்கள். வலியில் முகம் கோணி உட்கார்ந்திருந்த சாங்யோங் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். சுமையில் பாதியை இறக்கிவைத்தவனின் கைத்தட்டல் அது. பியோன் மறுபடி பாட்டைப் போடச் சொன்னான். பில்சூன் நடந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. ஏமாந்ததற்கா, கிடைத்ததற்கா?

பாட்டுச் சத்தத்தில் அம்மா அவள் காதோடு வாய் வைத்தாள்.

"கோவிச்சுக்காதடி. சட்டுனு வேற எதுவும் வாய்ல வரல."

"திருடினதுதான் திருடின, யாரும் பார்க்காத நாடகமா பார்த்துத் திருடியிருக்கக் கூடாதா?"

"நல்லா இருந்துச்சுல்ல?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

அம்மா மூத்த மகன் உட்கார்ந்திருந்த பக்கம் தலையைத் திருப்பினாள். "அந்த வருஷம் அவனுக்குக் கக்குவான் இருமல். கீழ படுக்கப்போட்டா மூச்சு நின்னுடும். முதுகுல கட்டிக்கிட்டு விடியற மட்டும் கொல்லைல நடப்பேன். மாசக்கணக்கா. நீ வயித்துல. அவன் பின்னாடி, நீ முன்னாடி. தூங்கினாத்தானடி கனவு வர்றதுக்கு?"

பில்சூனின் கால் நின்றுவிட்டது. அதே வாக்கியம். அதே குரல். அன்றைக்குப் பூண்டுத்தோலோடு காதில் விழுந்தது கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. கதவைச் சாத்தவே இல்லையா? இவள்தான் மறுபடி தள்ளிப் பார்க்கவில்லையா?

"நடந்துக்கிட்டே தூங்கி விழுந்துடக் கூடாதுன்னு உன்கூடத்தான் பேசுவேன்," என்றாள் அம்மா. "அவன் இருமிக்கிட்டுக் கிடப்பான். கேக்கறதுக்கு நீ ஒருத்திதான் இருந்த. நல்லா உதைப்ப."

"என்னம்மா பேசுன?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு? வாய்க்கு வந்த கதைதான். எல்லாம் பொய்தான்."

"சொல்லேன் ஒண்ணு."

"போடி. எண்பது வயசுல." பிறகு, "இறக்கிவிடு, உனக்கு முதுகு வலிக்கும்," என்றாள்.

பில்சூன் இறக்கிவிடவில்லை. ஒரு சுற்று போதும் என்பதுதான் வழக்கம். பாட்டு முடிந்து, பியோன் அடுத்த பாட்டையும் போட்டு, அதுவும் முடிந்து, சூப் ஆறுகிறது என்று சமையல்காரி வாசலில் வந்து நின்ற பிறகும் அவள் அம்மாவைச் சுமந்து சுற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாக ஒரு வாத்தியாரம்மா வந்தாள். விழாவுக்கு வராதவள், செய்தி மட்டும் கேள்விப்பட்டவள். நண்டு கேட்டுவிட்டு, "உங்களுக்கு நட்சத்திரக் கனவாமே? எனக்கும் சொல்லுங்களேன்," என்றாள். பக்கத்துக் கடையில் யாங்ரே கருவாட்டை அடுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். கடைக்குள் மூலையில் அம்மா முளைப்பயற்றின் வால் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே பெரிய பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாங்யோங் பலகையில் மல்லாந்து கிடந்தான்.

கிம்ச்சி எவ்வளவு வேண்டும் என்று பில்சூன் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நல்ல பனிக்காலம். அம்மா கொல்லைல நடந்துக்கிட்டிருக்காங்க. முதுகுல ஒரு புள்ளையைக் கட்டியிருக்காங்க, அது இருமிக்கிட்டே இருக்கு. நடக்கறாங்க, நடக்கறாங்க, வயித்துல இருக்கற புள்ளைகிட்ட கதை சொல்லிக்கிட்டே நடக்கறாங்க. அப்போ பார்த்து நட்சத்திரம் ஒண்ணு பொத்துனு சோயா ஜாடிக்குப் பக்கத்துல இருந்த தண்ணி ஜாடிக்குள்ள விழுந்துடுச்சு..."

வாத்தியாரம்மா நெற்றியைச் சுருக்கினாள். "இருங்க. இது காலைத் தொடர்ல வந்த கனவுல்ல? அதுல கிணறுதான? முதுகுல குழந்தையெல்லாம் இருந்த மாதிரி தெரியலையே."

யாங்ரே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பலகையில் கிடந்த சாங்யோங் தலையைத் தூக்கினான்.

"டிவிக்காக மாத்திட்டாங்க," என்றாள் பில்சூன்.

மூலையிலிருந்து அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "ஆமா. முதுகுல புள்ளை இருந்துச்சு. குனிய முடியாது, அதான் ஜாடி."